ஓட்டிச் செல்லும் வீடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் சகோதரியின் மகன் தன் மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் எமது வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பில் வங்கியொன்றிற் பணிபுரிபவன். தேநீர் அருந்தி முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து என்முன் விரித்தான். வருகின்ற டிசெம்பர் விடுமுறையில் நியூசிலாந்துக்குச் செல்வதாகவும், அந்நாட்டின் தென் தீவில் படுக்கையும் அடுப்பும் கொண்ட வாகனமொன்றை வாடகைக்கு எடுத்து ஏழு நாட்களில் தீவைச் சுற்றிவிட்டு, எஞ்சிய மூன்று நாட்களை வட தீவில் கழிப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. என் மகள் கிறைஸ்ட்சேர்ச் நகரில் வாழ்கிறாள். அவள் குடும்பத்தோடு நானும் இத்தகைய வாகனமொன்றிற் பன்னிரண்டு நாட்கள் அலைந்தவன். அந்த அனுபவத்தை மதித்தே தாள் என்னிடம் வந்தது.

"மாமா, இதிலை ஏதும் பிழை இருக்குதோ?" என்று கேட்டான்.

பிழையென்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. ஊர்களின் பெயர்கள் சரி, தூரங்கள் சரி, எந்த வீதி எங்கே திரும்புகிறது என்பதும் சரி. ஆயினும் அந்தத் தாளை நான் இரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

அவ்வாகனத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'கம்பர் வான்' என்றாகிறது. கவிச்சக்கரவர்த்திக்கு முதிய வயதில் யாரோ வாகனம் வாங்கிக் கொடுத்தாற் போன்ற மயக்கம் உண்டாவதால், நான் அதனை வண்டிவீடு என்றே அழைக்க விரும்புகிறேன். அப்படி அழைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதனை வாடகைக்கு எடுப்போரிற் பெரும்பாலோர் வண்டியை எண்ணித் திட்டமிடுகிறார்களேயன்றி வீட்டை எண்ணுவதில்லை. வீடு என்று வந்துவிட்டால் அங்கே தண்ணீர் வேண்டும், உலை வேண்டும், கழிவு போக வழி வேண்டும், மழைக்கு ஒதுங்கியிருக்க ஒரு நாள் வேண்டும், அயலவன் முகங்கோணாதிருக்க வேண்டும். என் மருமகனின் தாளில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. புகையிரத நேரசூசியைப் போல மூன்று நிரல்கள் மாத்திரம் இருந்தன: திகதி, இடம், மணித்தியாலம்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து ரெக்காப்போ ஏரி, அங்கிருந்து அயோராக்கி மலையடிவாரம், பின் குயின்ஸ்ரவுண், மில்போர்ட் சென்று மீளல், வானாக்கா, ஹாஸ்ற் கணவாய், மேற்குக் கரையிலுள்ள இரு பனியாறுகள், ஹொக்கிற்றிக்கா, ஆதர் கணவாய் வழியாகத் திரும்பவும் கிறைஸ்ட்சேர்ச். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர். ஏழு நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 270. "கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 400 கிலோமீற்றரை ஒரே நாளில் ஓடுகிறோமே, இது எம்மாத்திரம்?" என்பது அவனுடைய வாதம்.

அந்த வாதம் தேசப்படத்தின் முன் செல்லும். மலையின் முன் செல்லாது. தென் தீவு பரப்பில் இலங்கையைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. அதன் நெடுகிலும் முதுகெலும்பாக ஒரு மலைத்தொடர் கிடக்கிறது. குயின்ஸ்ரவுணிலிருந்து மில்போர்ட் கடற்குடாவுக்குப் பறவை பறந்தால் எழுபது கிலோமீற்றர் அளவில் போய்ச் சேர்ந்துவிடும். மனிதனோ தெற்கே இறங்கி, ரே அனாவ் ஊரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் வடக்கே ஏறி, 288 கிலோமீற்றர் சுற்ற வேண்டும். போய் அன்றே திரும்புவதாயின் 576. என் மருமகன் மூன்றாம் நாளுக்கு நேரே இதனைத்தான் எழுதியிருந்தான். படகிலேறிக் குடாவைப் பார்க்க இரண்டு மணித்தியாலம். அதைப் பார்ப்பதற்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாத ஓட்டம். ஆறு மீற்றருக்கு மேல் நீளமான வண்டி அது. உள்ளே பாத்திரங்கள் குலுங்கும். பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். பின்னால் வரும் வாகனங்களுக்கு அடிக்கடி ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிடுவது அந்நாட்டில் மரியாதை மாத்திரமன்று, சாரதியின் கடமையுமாகும்.

அங்கும் எம்மைப்போல் இடப்பக்கமாகவே வாகனம் ஓட்டுகிறார்கள். இது நமக்கு வசதி. ஆனால் அந்த வசதியே ஓர் ஏமாற்றமும் ஆகலாம். வலப்பக்கம் ஓட்டிப் பழகிய தேசத்தார் புது இடம் என்ற அச்சத்தோடாவது ஓட்டுவர். நமக்கோ ஸ்ரியரிங் பழக்கமானது, பக்கம் பழக்கமானது. எனவே எல்லாம் பழக்கமானது என்று மனம் சொல்லிவிடும். கோடையில் அந்நாட்டு நேரம் எமது நேரத்துக்கு ஏழரை மணித்தியாலம் முந்தியது. இரவு முழுதும் விமானத்தில் உறங்காதிருந்தவன், உடம்பின் கணக்கில் இன்னும் நள்ளிரவாயிருக்கும்போது, வெளிச்சமான ஒரு விமான நிலையத்தில் இறங்கித் தான் ஒருபோதும் ஓட்டியிராத நீள வண்டியிற் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 230 கிலோமீற்றர் புறப்படுகிறான். தாளில் முதல் நாள் இப்படித்தான் இருந்தது. சிவப்புப் பேனாவால் நான் கீறிய முதற் கோடு அந்த நாளின் மேல் விழுந்தது. வந்த அன்று வண்டியைத் தொடவே கூடாது என்பது என் அபிப்பிராயம். ஒரு நாள் அறை வாடகை வீணாகுமே என்றால், ஆகட்டும்.

மேற்குக் கரையில் ஒற்றை வழிப் பாலங்கள் பல. எதிரே வருவோனுக்கு வழிவிட வேண்டியவர் யார் என்பதைப் பெரிதும் சிறிதுமான இரு அம்புகள் கொண்ட பலகை அறிவிக்கும். சிறிய சிவப்பு அம்பு நாம் செல்லும் திசையைக் காட்டுமாயின் நாம் வழிவிட வேண்டும். நல்ல துயில் கொண்டவனுக்கு இதிற் சிரமமில்லை.

இனி, வீதி என்பது என்றும் திறந்தே கிடக்கும் என்ற நினைப்பு. மில்போர்ட் வீதியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்வதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அது எனக்கு மிகவும் பிடித்த வீதி. அவ்வீதியின் முடிவில் ஹோமர் சுரங்கம் இருக்கிறது. உலகப் பொருளாதாரம் வீழ்ந்திருந்த காலத்தில், 1935இல், வேலையற்ற மனிதர்கள் பிக்காசும் தள்ளுவண்டியுமாக அந்தக் கருங்கல்லைக் குடையத் தொடங்கினர். பனிச்சரிவிற் சிக்கி மூவர் இறந்தனர். இடையிலே உலக யுத்தம் வந்து வேலையை நிறுத்தியது. வாகனங்கள் அதனூடாகச் செல்ல 1954ஆம் ஆண்டாயிற்று. நீளம் ஒன்றேகால் கிலோமீற்றர்தான். ஆனால் குடைந்த பாறை குடைந்தபடியே கரடுமுரடாக இருபக்கமும் நிற்க, நீர் சொட்டும் அந்த இருளில் வண்டி கீழ்நோக்கிச் சரிந்து போகும்போது, மலையின் தொண்டைக்குள் இறங்குவதாகவே தோன்றும். வெளியே வந்ததும் நாற்புறமும் செங்குத்துச் சுவர்கள். அவற்றில் எண்ணற்ற நீர்வீழ்ச்சிகள். அப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஆறு மீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழைதான் அந்த அழகு. மழையே வீதியையும் அறுக்கிறது. 2020 பெப்ரவரி முற்பகுதியில் பெய்த பெருமழையில் அவ்வீதி பல இடங்களில் அறுபட, மில்போர்டில் அகப்பட்ட பிரயாணிகளை ஹெலிகொப்டரில் ஏற்றி வெளிக்கொணர நேர்ந்தது.

மேற்குக் கரையும் அப்படியே. ஹாஸ்ற் வழியாக அக்கரையை இணைக்கும் வீதி முழுமை பெற்றது 1965இல். அதற்கு முன் அங்கிருந்தோர் எத்தனை தனித்திருந்தனர் என்பதை, 2019 மார்ச்சில் பிரான்ஸ் ஜோசெப் ஊரருகே வைஹோ ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றபோது, அவர்களின் பேரப்பிள்ளைகள் அறிந்துகொண்டனர். மாற்றுப் பாலம் அமைக்கப் பதினெட்டு நாட்கள் சென்றன. கிழக்குக் கரையில் 2016 நவம்பர் 14இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் மூடப்பட்ட கைக்கூரா வீதி, திரும்பத் திறக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. இவையெல்லாம் பெரும் நிகழ்ச்சிகள், எப்போதாவது நடப்பவை. ஒரு நாள், இரண்டு நாள் மூடல்களோ அங்கே சாதாரணம். நாங்கள் சென்றபோதும் மழையில் ஹாஸ்றில் இரண்டு இரவுகள் தரித்தோம். எனக்கு அந்த இரு நாட்களே இன்று தெளிவாக நினைவிலிருக்கின்றன. வண்டியின் கூரையில் மழை விழ, பேரப்பிள்ளைகள் கடதாசி விளையாட, மகள் பருப்புக் காய்ச்சினாள். எமது திட்டத்தில் இடமிருந்தபடியால் அது தங்கலாயிற்று. இடமில்லாதிருந்தால் அதே மழை பெருந்துன்பமாயிருக்கும். ஏழு நாளும் நிரம்பிய தாளில் ஒரு பாலம் அறுந்தால், அடுத்த நாள் இரண்டு நாளின் தூரத்தை ஓட வேண்டிவரும். விபத்துக்கள் பிறக்குமிடம் அதுதான் என்று நான் அஞ்சுகிறேன்.

எல்லாவற்றிலும் மேலாக நான் சொல்ல விரும்புவது கழிவைப் பற்றியது. இலக்கியப் பகுதியில் மலசலகூடத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். வண்டிவீட்டுப் பிரயாணத்தின் நாகரிகம் முழுவதும் அதிலேதான் தங்கியிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

அந்நாட்டில் ஊர்ப்பொது நிலங்களில் வாடகையின்றித் தங்குவதற்குச் 'சுதந்திரத் தங்கல்' என்று பெயர். சொல் இனிமையானது. இணையத்திலும் நண்பர் வாயிலும் அது பரவிப் பரவி, விரும்பிய ஏரிக்கரையில் விரும்பியபடி படுக்கலாம் என்று பொருள்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. றக்பி உலகக் கிண்ணப் போட்டி அங்கு நடந்த 2011ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் இயற்றினார்கள். 2023இல் அதனை மேலும் இறுக்கினார்கள். உள்ளூராட்சி மன்றங்களின் நிலங்களில் இவ்வாறு வண்டியில் தங்குவதாயின், மன்றம் வேறுவிதமாக அனுமதித்தாலன்றி, அவ்வண்டி தன்னிறைவுச் சான்றிதழ் பெற்றதாக இருத்தல் வேண்டும். அதிலுள்ளோர் மூன்று நாட்கள் வெளியிலிருந்து நீர் பெறாமலும், வெளியே கழிவு விடாமலும் வாழ முடிய வேண்டும். ஆளொருவருக்கு நாளுக்கு நான்கு லீற்றர் வீதம் நீர். கழிவு நீருக்குத் தாங்கி. வண்டியோடு பொருத்திய மலசலகூடம். இருக்கையின் கீழ் ஒரு வாளியை ஒளித்துவைத்து ஒப்பேற்றும் பழைய வழக்கம் செல்லாது. படுக்கை விரித்திருக்கும் வேளையிலும் மலசலகூடத்தைப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டுமென்று விதி நுணுக்கமாகச் சொல்கிறது. மீறினால் தண்டப்பணம் 400 டொலரிலிருந்து தொடங்கும்.

சுற்றுலாப் பயணியை வருத்தும் சட்டம் என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. நான் அவர்கள் பக்கமல்லன். மேற்குக் கரை மாவட்டம் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் நீளம். அங்கு வாழும் மக்களோ முப்பதினாயிரத்துச் சொச்சம். எமது ஒரு சிறு பட்டினத்தின் தொகை. கோடையில் அவ்வழியே செல்லும் வண்டிகளின் அழுக்கை அகற்ற வேண்டுமாயின், அந்தச் சொற்ப மக்கள்தான் வரி செலுத்த வேண்டும். தன் வீட்டோடு வருபவன் தன் வீட்டுக் கழிவையும் தானே கொண்டுபோய், அதற்கென ஊர்கள்தோறும் அமைத்திருக்கும் கொட்டுமிடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பதில் என்ன கொடுமை? நானே அந்தப் பெட்டியைச் சுமந்து சென்று ஊற்றியிருக்கிறேன். முதல் நாள் மூக்கைப் பொத்தினேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது. என் மருமகனின் தாளில் ஏரிகளின் பெயர் ஆறு இருந்தது. கொட்டுமிடம் ஒன்றுகூட இல்லை. "அதை யாரோ பார்ப்பினம்" என்றான். அந்த 'யாரோ' நீதான் என்றேன். அவன் மனைவி மெல்லச் சிரித்ததைக் கவனித்தேன். வீட்டில் அந்த 'யாரோ' யார் என்பது அவளுக்குத் தெரியும்.

என் சிறுவயதில் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்குக் கூடார வண்டிலிற் போவோம். பாயும் தலையணையும் உள்ளே. வைக்கோலும் அடுப்புக்கான கற்களும் கீழே. மரநிழலில் உலை வைத்துச் சோறாக்குவார்கள். திரும்பும்போது என் பாட்டியார் சாம்பலை நீரூற்றி அணைத்து, கற்களை அள்ளி வண்டிலிற் போட்டு, மாடு நின்ற இடத்துச் சாணத்தையும் கூட்டி ஒதுக்கிய பின்னரே ஏறுவார். வண்டிலோட்டி அவசரப்படுத்தினாலும் ஏறமாட்டார். நியூசிலாந்துச் சட்டத்தை வாசித்தபோது எனக்குப் பாட்டியாரின் நினைவுதான் வந்தது.

எமது மக்களுக்கென்று சொல்லவேண்டியது இன்னொன்றுண்டு. வண்டியில் அடுப்பிருக்கிறதென்ற தைரியத்தில் மாசியும் கருவாடும் கறிவேப்பிலையும் பழமும் பெட்டியில் அடைத்துச் செல்வோம். உண்பொருள் எதுவாயினும் விமான நிலையத்தில் வெளிப்படுத்தியே ஆகவேண்டும். மறந்துபோன ஓர் அப்பிள் பழத்துக்கும் அங்கேயே 400 டொலர் தண்டம் விதிக்கிறார்கள். தீவு நாடு, வெளியிலிருந்து ஒரு பூச்சி வந்தால் அவர்கள் தோட்டமும் காடும் கெடும். சொல்லிவிட்டுக் கொடுத்தால் பொருள் போகும், காசு போகாது. அரிசியும் பருப்பும் அங்கேயே வாங்கலாம்.

இனி என் மருமகன் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் நேர்மையாக மறுமொழி கூற வேண்டும். "மாமா, நாங்கள் ஆயுளிலை ஒருக்கால்தான் போகப்போறம். 2022க்குப் பிறகு சேர்த்த காசு. இனி எப்ப போவமோ தெரியாது. எல்லாத்தையும் பார்க்கவேண்டாமே?" என்றான். இது இலேசான கேள்வியன்று. டொலருக்கு எமது ரூபா என்ன விலை போனதென்பதை அறிந்த எவனும் அவனைப் பேராசைக்காரன் என்று சொல்லமாட்டான். விசாக் கட்டணம், அதற்குமேல் பிரயாணிகளிடம் அறவிடும் நூறு டொலர் வரி, விமானச் சீட்டு, வண்டி வாடகை, எண்ணெய் என்று அவன் மாதக்கணக்கில் மிச்சம்பிடித்தது முழுவதும் அந்தப் பத்து நாட்களில் கரையப் போகிறது. ஒவ்வொரு மணித்தியாலமும் அவனுக்குக் காசு.

எல்லாவற்றையும் பார்ப்பதே நோக்கமாயின் வண்டிவீடு வேண்டாம் என்பதே என் விடை. சிறிய காரொன்றை எடுத்து விடுதிகளில் தங்கினால் விரைவாக ஓடலாம், கழிவுக் கவலையில்லை, சில வேளை செலவும் குறையும். வண்டிவீட்டின் மிகுதியான வாடகை ஓடுவதற்கானதன்று, நிற்பதற்கானது. அயோராக்கி மலையின் கீழ் அரசாங்கத்தின் இயற்கை பேணும் திணைக்களம் நடத்தும் தங்குமிடமொன்றிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு நான் விழித்துக் கதவைத் திறந்தேன். 3,724 மீற்றர் உயரமான அச்சிகரத்தின் மேல் மேகம் விலகியிருந்தது. பனி தானே ஒளிர்வதுபோலத் தெரிந்தது. மாவோரி மக்களில் ங்காய் தாஹு குலத்தார்க்கு அம்மலை மூதாதை. 1998இல் அரசாங்கம் அவர்களோடு செய்த உடன்பாட்டுச் சட்டத்தின்படியே மலைக்கு அயோராக்கி என்ற பெயர் ஆங்கிலப் பெயருக்கு முன் இடம்பெற்றது. உச்சியில் கால் வைத்து நிற்க வேண்டாமென்று மலையேறுவோரை அவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். அன்றிரவு அங்கேயே இருந்தபடியால்தான் நான் அதைக் கண்டேன். பகலில் இரண்டு மணித்தியாலம் தரித்து, படம் பிடித்துக்கொண்டு, குயின்ஸ்ரவுணுக்கு ஓடிய வண்டிகள் அன்று மேகத்தைத்தான் கண்டன.

நிற்பதற்கும் அளவுண்டு என்பதை அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வர். மில்போர்டின் மணல் ஈக்கள் தோலைக் கடித்துப் பிய்த்துவிடும். குடாக்களைச் செதுக்கிய தெய்வம் அவற்றை அத்தனை அழகாகச் செதுக்கிவிட்டதால், மனிதர் வந்து அங்கேயே தங்கிவிடுவர் என்று அஞ்சி, மரணத்தின் தேவியான ஹினே-நுயி-ரே-போ அந்த ஈக்களை அவிழ்த்து விட்டாளாம். அவள் விட்டது வீண்போகவில்லை. என் கணுக்கால்கள் சாட்சி. கேயா என்னும் மலைக்கிளிகளும் அதே வேலையைச் செய்கின்றன. சுரங்க வாயிலில் வண்டிகள் காத்து நிற்கும்போது, கதவோரத்து இறப்பரை அலகாற் கொத்தி உரித்துவிடும். வாடகை நிறுவனத்தார் எம்மிடம் அதற்கும் பணம் கேட்டனர்.

இவ்வளவையும் எழுதி அவனுக்கு அனுப்பினேன். பத்து நாட்கள் கழிந்து புதிய தாளொன்று தபாலில் வந்தது. வட தீவு முற்றாக இல்லை. மேற்குக் கரையும் இல்லை; அதை விட்டதற்கு அவன் வருந்தியிருக்க வேண்டும், அழித்த இடத்தில் தாள் தேய்ந்திருந்தது. முதல் நாள் கிறைஸ்ட்சேர்ச்சில் உறக்கம் என்றிருந்தது. ரெக்காப்போவுக்கு இரண்டு இரவு, அயோராக்கிக்கு இரண்டு, ரே அனாவுக்கு இரண்டு. மில்போர்டுக்குத் தனியாக ஒரு நாள், அன்றிரவு வழியிலேயே தங்கல். நான்காவதாக ஒரு நிரல் கீறி, எந்த ஊரில் நீர் நிரப்புவது, எந்த ஊரில் கழிவைக் கொட்டுவது என்று எழுதி, கொட்டுவதற்கு நேரே தன் பெயரின் முதலெழுத்தையும் இட்டிருந்தான். திரும்பும் வழிக்கென விட்டிருந்த மூன்று நாட்களுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு நாளுக்கு நேரே மாத்திரம் அவன் மனைவி பென்சிலால், 'வெயிலெறித்தால் உடுப்புத் தோய்ப்பது' என்று குறித்திருந்தாள்.